சாம்பா பக்கத்து அன்னி ஃபங்க்கும், எங்கள் பென்ஷன்கார ஆன்ட்டியும்

டைட்டானிக் கப்பலில் மூழ்கிப் போனவர்களில் ஒருவர் இந்த சத்தீஸ்கரிலிருந்து கிளம்பிப் போனவர் என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் பிராஞ்சிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய ஜாஞ்ச்கீரில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவர். பெயர் அன்னி ஃபங்க். அமெரிக்காவில் பிறந்து, ஹிந்தி கற்றுக்கொண்டு, இங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று தந்தி வந்ததால் ஊருக்குக் கிளம்பினார். ஊர் போய்ச் சேரவில்லை.

இந்தப் பெயரை எனக்குச் சொன்னது எங்கள் பிராஞ்சில் பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா. எழுபத்தெட்டு வயது. அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பேட்டா, பேரை மட்டும் போடாதே. என் பேரைப் போட்டால் சபையில் மற்ற பெண்கள், நாங்கள் வேலை செய்யலையா என்று கேட்பார்கள்" என்று சிரித்தார். நியாயம்தான். அதனால் இந்தப் பதிவு முழுக்க அவர் 'ஆன்ட்டி' மட்டுமே.

ஆன்ட்டி மென்னோனைட் கிறிஸ்தவர். நம்ம ஊரில் சி.எஸ்.ஐ. தெரியும், ஆர்.சி. தெரியும், பெந்தெகொஸ்தே தெரியும். மென்னோனைட் என்றால் பலருக்கும் தெரியாது. எனக்கும் இங்கே ட்ரான்ஸ்ஃபரில் வரும்வரை தெரியாது. ஆனால் இந்தியாவில் அவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். தெலங்கானாவில் மகபூப்நகர், கத்வால் பக்கம் ஒரு பிரிவு. சத்தீஸ்கரில் தம்தரி பக்கம் ஒரு பிரிவு. சாம்பா, ஜாஞ்ச்கீர் பக்கம் இன்னொரு பிரிவு. குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, கரண்ட் இல்லாத வீடு என்று சினிமாவில் காட்டுவார்களே, அவர்கள் ஆமிஷ். 1693 வாக்கில் யாக்கோபு அம்மான் என்பவர் தலைமையில் தனியாகப் பிரிந்து போனவர்கள். பங்காளிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆன்ட்டி காட்டன் சேலை, முழுக்கை ஸ்வெட்டர், கையில் மொபைல், எல்லாரையும் போலத்தான்.

கதை 1525ல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆரம்பிக்கிறது. விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து, புரிந்து, தானே விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று சிலர் கிளம்பினார்கள். இதற்காக அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். பிறகு 1536ல் ஹாலந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் தன் பதவியை விட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால்தான் மென்னோனைட். ஆயுதம் தூக்கக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது, ஆடம்பரம் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது. இவைதான் அவர்களின் பழைய சட்டங்கள்.

அந்தக் கடைசிச் சட்டத்தால்தான் எனக்கும் ஆன்ட்டிக்கும் பழக்கமே ஏற்பட்டது. அவர் கணவர் ரயில்வேயில் இருந்தவர். அவர் காலமான பிறகு ஒரு டெபாசிட்டை மாற்றிக் கொடுக்க அஃபிடவிட் வேண்டியிருந்தது. ஹிந்தியில் அதற்கு 'சபத் பத்ர' என்று பெயர். சபதப் பத்திரம். வெளியே உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் வழக்கமான வாசகத்தை அடித்துக் கொடுத்துவிட்டார். ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு என் கேபினுக்கு வந்து, "இதில் சத்தியம் செய்கிறேன் என்று இருக்கிறது. நாங்கள் சத்தியம் செய்வதில்லை. உறுதி கூறுகிறேன் என்று மாற்றலாமா?" என்று கேட்டார்.

பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கேட்டது சரி. 1969ஆம் வருடத்துச் சத்தியப் பிரமாணச் சட்டத்திலேயே, சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம் என்று இருக்கிறது. மாற்றி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏன் ஆன்ட்டி, இரண்டும் ஒன்றுதானே?" என்றேன். "இல்லை. சத்தியம் செய்தால் மட்டும் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரம் பொய் பேசுவேன் என்று ஆகிவிடாதா?" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் லோன் டாக்குமெண்ட்டுகளோடு குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை!

*

இப்போது அன்னி ஃபங்க்.

1874 ஏப்ரல் 12ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாலி என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், அம்மா சுசன்னா. அப்பா ஊர்ச் சபையில் டீக்கன். ஜெர்மன் பேசும் மென்னோனைட்டுகள் 1683லிருந்தே வந்து குடியேறிய மாநிலம் அது. மண்ணோடும் மாடுகளோடும் சபையோடும் பிணைந்த குடும்பங்கள். அன்னி ஆசிரியர் பயிற்சி முடித்தார். மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் ஊழியத்துக்கான பயிற்சியும் எடுத்தார். பிறகு டென்னசியில் சட்டனூகாவிலும், நியூ ஜெர்சியில் பேட்டர்சனிலும் வேலை பார்த்தார்.

அதே சமயத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1896-97ல் ஒரு பஞ்சம், 1899-1900ல் இன்னொரு பஞ்சம். மத்திய மாகாணம் காய்ந்து கிடந்தது. அமெரிக்க மென்னோனைட்டுகள் தானியமும் பணமும் அனுப்பினார்கள். பிறகு ஆட்களையும் அனுப்பினார்கள். 1900 டிசம்பரில் பென்னர், குரோக்கர் என்று இரண்டு தம்பதிகள் வந்து இறங்கினார்கள். பென்னர் சாம்பாவில் 1902ல் தொழுநோயாளிகளுக்காக ஒரு இல்லம் ஆரம்பித்தார். குரோக்கர் தம்பதி ஜாஞ்ச்கீருக்குப் போனார்கள்.

ஜாஞ்ச்கீரைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் கலச்சூரி அரசர்கள் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட ஒரு விஷ்ணு கோயில் இங்கே குளக்கரையில் இருக்கிறது. நக்டா மந்திர் என்பார்கள். மூக்கறுந்த கோயில் என்று அர்த்தம். நம்ம பக்கத்துச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் நன்றாகவே இருக்கும். இந்தப் பக்கம் வந்தால் அவசியம் பாருங்கள்.

அந்த ஊருக்கு 1906 கடைசியில் அன்னி வந்து சேர்ந்தார். அப்போது வயது 32. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய சபைப் பிரிவிலிருந்து தனியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் அவர்தான். கடல் பயணம் பயமாக இல்லையா என்று கவலைப்பட்ட தோழியிடம், தரையில் எவ்வளவு பக்கத்தில் கடவுள் இருக்கிறாரோ கடலிலும் அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறார் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லியிருக்கிறார்.

ஹிந்தி படித்தார். 1908ல் ஒரே ஒரு அறையில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 17 பெண் குழந்தைகள். இன்றைக்கு 17 என்பது ஒரு எல்.கே.ஜி. செக்‌ஷனுக்குக் கூடக் காணாது. 1908ல் ஜாஞ்ச்கீரில் 17 வீட்டுக்காரர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்துப் பெண் பிள்ளைகளை வெளியே கூட்டி வருவது என்றால் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் ஜன்தன் கணக்கு திறக்கப் பெண்களை வரச்சொல்லிக் கிராமம் கிராமமாக அலைந்தவர்கள். அதனால் எனக்கு இந்த 17 பெரிய எண்ணாகத்தான் படுகிறது.

1912 தொடக்கத்தில் தந்தி வந்தது. அம்மாவுக்கு மிகவும் முடியவில்லை, உடனே வா. கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்திருக்கிறது.

நம்மில் யாருக்கு இந்த வாசகம் புரியாது? 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி நின்றே போய்விட்டது. ஆனால் வாசகம் நிற்கவில்லை. இப்போது ராத்திரி இரண்டரை மணிக்கு மொபைலில் வருகிறது.

அன்னி ரயிலில் பம்பாய் போனார். அங்கிருந்து பெர்சியா என்ற கப்பலில் கிளம்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். லிவர்பூலிலிருந்து ஹேவர்ஃபோர்டு என்ற கப்பலில் ஏறினால் நேராக ஃபிலடெல்ஃபியா. அங்கிருந்து அவர் ஊர் பக்கம்தான். ஆனால் அந்த வருடம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை இங்கிலாந்தில் நிலக்கரித் தொழிலாளர்களின் ஸ்டிரைக். கரி இல்லாமல் கப்பல்கள் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தன. ஹேவர்ஃபோர்டும் கிளம்பவில்லை. காத்திருக்க முடியாது, அம்மா படுக்கையில். சவுத்தாம்ப்டனிலிருந்து புதுக் கப்பல் ஒன்று கிளம்புகிறது, அதில் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். மற்றக் கப்பல்களின் கரியை எடுத்துப் போட்டாவது கிளம்பத் தயாராக இருந்த கப்பல் அது. கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கினார். 13 பவுண்டு. கப்பலின் பெயர் டைட்டானிக்.

கையில் இருந்த தகவலை வைத்து யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சீக்கிரம் போகிற வண்டி எதுவோ அதில் ஏறு. நாமும் அப்படித்தானே? தத்கால் கிடைக்கவில்லையா, பிரீமியம் தத்கால். அதுவும் இல்லையா, கடன் வாங்கியாவது ஃப்ளைட்.

ஏப்ரல் 10ல் கப்பல் கிளம்பியது. 12ஆம் தேதி அன்னிக்கு 38 வயது நிறைந்தது. பிறந்தநாள் நடுக்கடலில். 14ஆம் தேதி ராத்திரி 11.40க்குப் பனிப்பாறையில் மோதியது. 15ஆம் தேதி விடியுமுன் 2.20க்குக் கப்பல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. சுமார் 2,200 பேரில் ஏறத்தாழ 1,500 பேர் போனார்கள். படகுகள் 20தான். எல்லாவற்றையும் முழுசாக நிரப்பியிருந்தாலும் 1,178 பேருக்குத்தான் இடம்.

எண்களோடு பிழைக்கிறவன் என்பதால் விசாரணை அறிக்கையின் எண்களைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் பெண்கள் 93 பேர். பிழைத்தவர்கள் 80. அதாவது நூற்றுக்கு 86. மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேர்தான் பிழைத்தார்கள் (அங்கேயும் காசுக்குத் தகுந்த உயிர்தான்). ஆக, அன்னி இருந்த வகுப்பில் பெண்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதே இரண்டாம் வகுப்பில் இந்தியாவிலிருந்தே கிளம்பிய இன்னொரு மிஷனரி குடும்பமும் இருந்தது. குண்டூரிலிருந்து போன நெல்லி பெக்கரும் அவருடைய மூன்று குழந்தைகளும். நாலு பேருமே இரண்டு படகுகளில் ஏறிப் பிழைத்துவிட்டார்கள். அன்னி அந்தப் பிழைக்காத 13 பேரில் ஒருவர். அவர் உடலும் கிடைக்கவில்லை.

படகில் தனக்குக் கிடைத்த இடத்தை ஒரு தாய்க்கு விட்டுக் கொடுத்தார் என்று சபைகளில் சொல்வார்கள். ஆன்ட்டியும் அப்படித்தான் சொன்னார். நேரில் பார்த்த சாட்சி என்று யாரும் இல்லை. "அது நடந்ததோ இல்லையோ ஆன்ட்டி..." என்று நான் இழுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நடக்கவில்லை என்றே வைத்துக்கொள். அவர் இங்கே வந்தது நடந்தது. 17 பெண்களை உட்காரவைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நடந்தது. அம்மா என்றதும் கிளம்பியது நடந்தது. எனக்கு அது போதும்" என்றார்.

*

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்னியின் பெயரையே வைத்தார்கள். ஆன்ட்டியின் பாட்டி அதில் எழுத்து கற்றவர். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர். ஆன்ட்டி டீச்சர். மகள் ராய்ப்பூரில் காலேஜ் லெக்சரர். மகன் புனேயில் சாஃப்ட்வேர். நான் கணக்குப் போடுகிற ஆள், அதனால் இப்படித்தான் தோன்றுகிறது: முதல் போட்டவர் நாலு வருடத்தில் போய்விட்டார், வட்டி நூறு வருடம் தாண்டியும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆன்ட்டியின் ஒரு நாள் எப்படி என்று கேட்டிருக்கிறேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபம். பிறகு வாசல் பெருக்கல், கிணற்றடிச் செடிகளுக்குத் தண்ணீர். அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். சபைப் பெண்கள் எல்லாரும் இப்படிப் போட்டு, மாதக் கடைசியில் ஒன்று சேர்த்து, முடியாத வீடுகளுக்குக் கொடுப்பார்களாம். நம்ம பக்கம் பிடியரிசி என்போமே, அதேதான். பென்ஷன் எடுத்ததும் பத்தில் ஒரு பங்கைக் கவுண்டரிலேயே எண்ணித் தனிக் கவரில் வைத்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் சபைக்குப் போய்ப் பாய்களை உதறி விரிக்க வேண்டும், மேஜைத் துணி மாற்ற வேண்டும். ஞாயிறு ஹார்மோனியமும் டோலக்கும் வைத்து ஹிந்தி பஜன்கள். வாரத்தில் ஒருநாள் பெண்கள் கூட்டம். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் காய்ச்சல் என்று பார்த்துவரத் தனி ரவுண்டு. கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். அந்த ஆறு வருடமும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததும், பள்ளிக்கூடம் போனதும், இந்த வேலைகள் எல்லாமும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

"உங்களுக்குன்னு என்ன செய்துகிட்டீங்க ஆன்ட்டி?" என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். (தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போயிருந்தோம்.) அவருக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு தடவை ஹிந்தியில் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு, "இதெல்லாம் எனக்குத்தானே செய்தேன்?" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவி பேசவே இல்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து, "எனக்கு அந்தப் பதில் முழுசா ஒத்துக்கலைங்க. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்க அம்மாவையும் உழைக்க வச்சாங்க. ஆனா அவங்க முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியும் தெரியலை" என்றாள். நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

புனே மகன் வருடா வருடம் வந்து கூப்பிடுகிறார். லிஃப்ட் வைத்த வீடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. ஆன்ட்டி போகமாட்டேன் என்கிறார். "பத்து நாள் போகலாம். பதினோராவது நாள் அங்கே நான் யார்? இங்கே சனிக்கிழமை பாய் விரிக்கிறவள்."

*

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் இதே பேச்சு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறாள். 76 வயது. சுகர், முழங்கால் வலி. தங்கை மதுரையில். "அண்ணே, நீ கூட்டிட்டுப் போறியா, நான் கூட்டிட்டு வரட்டுமா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு" என்கிறாள் தங்கை. அம்மாவோ, "ஏ ஐயா, நான் ஏன் வீட்டைப் பூட்டணும்? எனக்கு ஆத்துத் தண்ணி இருக்கு, அடுத்த வீட்டு மதினி இருக்கா. நீங்க உங்க சோலியப் பாருங்க" என்கிறாள்.

2011ல் அப்பா போனபோது நான் நாக்பூரில் இருந்தேன். ராத்திரி இரண்டரைக்கு போன் வந்தது. கிடைத்த ரயிலில் ஏறி, சென்னையில் பஸ் மாறி, ஊர் போய்ச் சேர மறுநாள் சாயங்காலம் ஆனது. தெருவே எனக்காகக் காத்திருந்தது. அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடி மேல் ஆவி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. சித்தப்பா துண்டால் துடைத்துவிட்டார். வெளியூரில் இருக்கிற மூத்த பிள்ளைகள் பலருக்கும் அப்பாவின் கடைசி முகம் இப்படித்தான் கிடைக்கிறது.

அன்றிலிருந்து நான் லீவைச் சேர்த்து வைக்கிற ஆள். வங்கிக்காரர்களுக்குத் தெரியும், பி.எல். சேரச் சேர ஒரு நிம்மதி. ரிட்டயர் ஆகும்போது ஒரு வரம்பு வரை காசாகவும் ஆக்கிக்கொள்ளலாம். அதோடு, அம்மாவுக்கு ஏதாவது என்றால் உடனே ஓட வேண்டும், அதற்குக் கையிருப்பு வேண்டும் என்பதும் ஒரு கணக்கு. தனியாக ஒரு எஸ்.பி. கணக்கில் ஃப்ளைட் டிக்கெட்டுக்கு என்றே பணமும் போட்டு வைத்திருக்கிறேன்.

போன நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க ஆன்ட்டி வந்திருந்தார். உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை நிரூபிக்க வேண்டும் அல்லவா. விரல் ரேகை மெஷினில் அவர் ரேகை விழவில்லை. வயதானவர்களுக்குத் தேய்ந்துபோய் இருக்கும். துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் என் அம்மா விஷயத்தைச் சொன்னேன். லீவு சேர்த்து வைப்பதையும் சொன்னேன்.

அவர் கேட்டார்: "ஐஸ் பெட்டியைப் பார்க்க ஓடுவதற்கா லீவு சேர்க்கிறாய்?"

நான் பேசவில்லை.

"பேட்டா, என் மகனிடம் நான் சொல்லிவிட்டேன். எனக்கு முடியவில்லை என்று போன் வந்தால் விழுந்தடித்து ஓடி வராதே. அன்னி அப்படித்தான் ஓடினார். நான் நன்றாக இருக்கும்போது வா. என்னோடு உட்கார்ந்து சாப்பிடு, சபைக்கு வா, செடிக்குத் தண்ணீர் ஊற்று. பிறகு எப்போது போன் வந்தாலும் உனக்குப் பாக்கி எதுவும் இருக்காது, எனக்கும் இருக்காது. சபைக்காரர்கள் என்னை நல்லபடியாக அடக்கம் செய்வார்கள்."

ஐந்தாவது முயற்சியில் மெஷின் ரேகையை ஏற்றுக்கொண்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அன்னி கிளம்பியதைத் தவறு என்று அவர் சொல்லவில்லை. அவர் காலம் வேறு. ஒரு தடவை வந்தால் வருடக்கணக்கில் திரும்பிப் போக முடியாது. நடுவில் மூன்று கடல். தந்தி வந்தால் கிளம்புவதைத் தவிர வேறு எதுவும் அவர் கையில் இல்லை. நமக்கு அப்படி இல்லை. கோர்பாவிலிருந்து திருவனந்தபுரம் போகும் எக்ஸ்பிரஸ் சாம்பா வழியாகவே போகிறது. சென்னை, சேலம், கோயம்புத்தூர் என்று இறங்கிக்கொள்ளலாம். வசதி இத்தனை வந்த பிறகும் நாம் வைத்திருப்பது தந்திக் காலத்துக் கணக்கு. முடியவில்லை என்றால் மட்டும் போவது.

தங்கையிடம் போனில் இந்தக் கதை முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம்ணே அந்தப் பொம்பளை, அம்மாவையும் பார்க்கலை, பள்ளிக்கூடத்தையும் திரும்பிப் பார்க்கலை" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவை ஊரை விட்டுக் கிளப்ப வேண்டாம்ணே. மாசத்துக்கு ஒரு சனி, ஞாயிறு நான் போறேன். நீ எப்ப போவேன்னு சொல்லு" என்றாள். இரண்டு வருடப் பேச்சு அன்றைக்கு முடிந்தது.

இந்த வருடத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் அம்பை என்று வைத்திருக்கிறேன். எல்.எஃப்.சி. ஒரு தடவை, மற்றது பி.எல்.லில் கழியும். சேர்த்து வைத்த லீவுக் கணக்கில் கொஞ்சம் துண்டு விழும். ரிட்டயர் ஆகும்போது வரும் செக்கில் ஒன்றிரண்டு லட்சம் குறையலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், தாங்கும். மேலதிகாரி மட்டும், "என்னப்பா, ஊரில் யாருக்காவது முடியலையா?" என்று கேட்டார். "இல்லை சார், எல்லாரும் நல்லா இருக்காங்க, அதான் போறேன்" என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். :)

முதல் ட்ரிப் போன மாதம் போய் வந்தேன். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவுடன் ரேஷன் கடைக்குப் போனேன். ஒரு நாள் தாமிரபரணியில் குளித்தேன். அம்மா சொதி வைத்துக் கொடுத்தாள். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, அப்பா 1978ல் கடன் வாங்கிச் சைக்கிள் வாங்கிய கதையைச் சொன்னாள். எனக்குத் தெரியாத கதை அது. அந்தக் கடனுக்கு மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஆன்ட்டிக்கு ஒரு பாக்கெட் அல்வா வாங்கி வந்து கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நெய்யா!" என்று பயந்தார். அந்த ஞாயிறு பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாராம். தனக்கு மிச்சம் வைத்துக்கொண்டாரா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

வெளியூரில் இருக்கிற நம்ம மக்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் இந்த லீவுக் கணக்கை எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த ட்ரிப் பொங்கலுக்கு. டிக்கெட் போட்டாகிவிட்டது.